கங்கம்மா தடத்தில் எருக்கந்தழை

முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கும் வயதுக்கு வந்துவிட்ட என் கூட்டாளிகளே! ஒரு காலத்தில் நாமெல்லாம் ஜாத்திரைக் கடையில் ஒரே பீப்பிக்கு அடித்துக்கொண்டவர்கள். நான் எங்கே அளந்துவிடுகிறேன், எங்கே உண்மையைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்தப் பயத்தோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற மாதம் புத்தூர்ப் பக்கம் ஒரு மாந்தோப்பில் டிரோன் விட்டு மருந்தடித்தார்கள். ஊரே அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. என் பக்கத்தில் நின்ற பையன், "இன்னா தாத்தா, நீ மட்டும் கம்முனு கீற?" என்று கேட்டான். பாதிக் காரணம், புதிதாகக் கட்டிய பல்செட். வாயைப் பிளந்தால் அதுவும் பறந்துவிடும். மீதிக் காரணத்தை அவனுக்குச் சொல்ல முடியாது. வாயைப் பிளப்பதற்கென்று கடவுள் எனக்குக் கொடுத்த சக்தி முழுவதையும் நாலாம் வகுப்புப் படித்த வருஷத்து ஆடி மாதத்திலேயே நான் செலவழித்துவிட்டேன்.

இப்போது பூச்சி, நோய் என்று தினம் ஒரு சேதி போனில் வருகிறது. மக்காச்சோளத்தில் படைப்புழுவாம். பாகாலாவில் மாடுகளுக்குத் தோல்கழலை ஊசி போடுகிறார்களாம். அன்று நமக்குப் போன் ஏது? புழுவே நேரில் வந்து சேதி சொன்னது.

அந்த வருஷம் சித்திரை வெயிலில் அத்தை பலமனேரிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். என் நைனாவின் தங்கை. கட்டிக்கொடுத்து அதிக நாள் ஆகவில்லை. எதற்கு வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "இனிமே அங்க போவ மாட்டேன்." காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அவள் முழங்கைக்குக் கீழே நீளமாக ஒரு சூட்டுக் காயம் இருந்தது. அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தெறித்தது என்று சொன்னாள். ஊரே நம்பியது. நானும் நம்பினேன், எனக்கு அப்பளத்தின் மேல் அவ்வளவு பக்தி. இந்த வயதில் யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கொதிக்கிற எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோலத் தெறிக்காது. அத்தனை பெரியவர்களுக்கு அது தெரியாமலா போயிருக்கும்?

மாமா, அதாவது அத்தையின் கணவர், காய்கறி மண்டிக்காரர். அவர் வீட்டிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. "ஜாத்திர முடியட்டும், நானே அனுப்பி வெக்கறேன்" என்று நைனா வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை மாட்டுக் கொட்டகையில் நைனாவை மடக்கினாள். நான் வைக்கோல்போர் மேல் இருந்தேன். ஒட்டுக்கேட்பதற்காக இல்லை, இறங்கத் தெரியாமல்.

"ணா, ஒரே ஒரு போகம் குடு. கங்கம்மா கொல்லை சும்மாதானே கெடக்குது? அதுல வேர்க்கல்ல போட்டுக்கறேன். காய் புடிச்சா என் சோத்த நான் துன்னுகினு இங்கியே இருக்கறேன். புடிக்கலன்னா நீ சொல்ற பஸ்ஸுல ஏறிக்கறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன்."

நைனா நெடுநேரம் மாட்டின் கழுத்தையே சொறிந்துகொண்டிருந்தார். மாடு கண்ணை மூடிச் சொக்கியது. கடைசியில், "எடுத்துக்க போ" என்றார்.

அவர் அவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதற்குக் காரணம் உண்டு. கங்கம்மா கொல்லை எங்கள் நிலங்களிலேயே உதவாத நிலம். மலையோரம், கோடியில் இருந்தது. ஜாத்திரையன்று ஏரிக்கரையிலிருந்து புறப்படும் கங்கம்மா அந்தக் கொல்லையின் மேற்கு ஓரத்துத் தடத்தில்தான் வருவாள். அங்கே சற்று இறங்கி உட்கார்ந்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைவாள். அம்மன் உட்காரும் மண் என்பதால் அங்கே ஏர் ஓட்டலாம், ஆனால் ஆழமாகத் தோண்டக் கூடாது. மண்வெட்டி போடக் கூடாது. கிணறு கிடையாது. வானம் பார்த்துக் காய வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஆனியில் வானம் அத்தையைப் பார்த்தது. நல்ல மழை. ஏர் முன்னால் போக, அத்தை பின்னால் சாலில் விதைக் கடலை போட்டுக்கொண்டே போனாள். நான் அவள் பின்னால் போனேன், போட்டதைப் பொறுக்கித் தின்றுகொண்டே. திரும்பிப் பார்த்தவள், "டேய் மருமவனே, நான் வெதைக்கறேன், நீ அறுவட பண்ணிகினு வர்றியா?" என்று கேட்டு, என் டவுசர் பையைத் தலைகீழாக உதறிவிட்டு மறுபடி விதைத்தாள்.

முதல் மழை பெய்த அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு நம் ஊரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா? மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சிகள் கிளம்பின. வெள்ளை இறக்கை, ஓரத்தில் மஞ்சள் கோடு. லாந்தர் விளக்கைச் சுற்றி அவை சுழன்றபோது விளக்கே தெரியவில்லை; வெளிச்சம் இறக்கை கட்டிக்கொண்டு பறப்பது போலிருந்தது. சோற்றில் விழுந்தது, குழம்பில் விழுந்தது, நைனாவின் காதில் ஒன்று குடியேறியது. நாம் கைதட்டிக் குதித்தோம். பெரியவர்களோ, பூச்சி பறந்தால் மழை இன்னும் உண்டு என்று மகிழ்ந்துபோய், செத்ததை முறத்தில் அள்ளிக் கோழிக்குப் போட்டார்கள்.

புத்தூரிலிருந்து சைக்கிளில் வரும் கிராம சேவக் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். விவசாயத்துக்கு யோசனை சொல்ல சர்க்கார் அனுப்பிய மனிதர். தமிழ் புரியும், பேச்செல்லாம் தெலுங்கு. "மண்டலு வேயண்டி, மண்டலு வேயண்டி" என்று வீடு வீடாகச் சொன்னார். கொல்லைக்குக் கொல்லை தீ மூட்டுங்கள், பூச்சி அதில் விழட்டும், முட்டையிட விடாதீர்கள் என்றார். யார் கேட்டார்கள்? விறகு அடுப்புக்கே இல்லை. பூச்சி என்ன செய்துவிடும், பறந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பூச்சி போய்விட்டது. முட்டைகளை வைத்துவிட்டுப் போயிற்று.

கடலைச் செடி இரண்டு விரல் உயரம் வந்தபோது இலையின் அடியில் புழு தெரிந்தது. அது நூல் அளவு இருந்தபோது யாரும் கவலைப்படவில்லை. சுண்டுவிரல் அளவுக்கு வளர்ந்து, உடம்பெல்லாம் செம்பட்டை மயிர் முளைத்துக் கம்பளிப்புழுவான பிறகுதான் ஊர் எழுந்தது. கிராம சேவக் ஒரு மூட்டைப் பவுடர் கொண்டுவந்தார். பழைய வேட்டியைக் கிழித்துப் பொட்டலம் கட்டி, செடி மேல் பிடித்துக் குச்சியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டுப்போன மாவு போல ஒரு நாற்றம். நாமெல்லாம் தலை முதல் கால்வரை வெளுத்துப்போய் நின்றோம். என் அம்மா என்னை அருகே கூப்பிட்டு, "பேனும் சாவட்டும்" என்று என் தலையிலும் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பவுடரைப் பிற்காலத்தில் தடை செய்தார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் முதலில் என் வழுக்கையைத்தான் தடவிப் பார்த்தேன்.

பேன் செத்தது. புழு சாகவில்லை. "இப்புடு வேஸ்தே புருகுலகு ஸ்நானம் சேயிஞ்சினட்டே" என்றார் கிராம சேவக். இவ்வளவு வளர்ந்த பிறகு பவுடர் போடுவது புழுவைக் குளிப்பாட்டிவிடுவது போலத்தானாம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? மலையோரக் கொல்லைகளில் இலை தீர்ந்துவிட்டது. அங்கே தின்ன ஒன்றும் இல்லை என்றதும் புழுக்கள் புறப்பட்டன. அடுத்த கொல்லையை நோக்கி, எல்லாம் ஒரே திசையில். ஒரு நாள் காலை நாம் பள்ளிக்கூடம் போகிற வழியில் அதைப் பார்த்தோம். நிலமே நகர்ந்து வந்தது. சிவப்பும் கருப்புமாக ஒரு ஜமுக்காளத்தை யாரோ அந்தக் கோடியிலிருந்து மெதுவாக இழுத்துப் போர்த்துவது போல. கல்லின் மேல் ஏறியது, இறங்கியது, வரப்பின் மேல் வழிந்தது. ஒன்றும் அவசரப்படவில்லை, ஒன்றும் நிற்கவில்லை. காதைக் கொடுத்துக் கேட்டால், பனையோலைமேல் தூறல் விழுவது போல் ஒரு ஓசை. அத்தனை வாயும் தின்கிற ஓசை. அது வந்த வழியில் பின்னால் பார்த்தேன்: பச்சை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை, செடிகள் ஈர்க்குச்சியாக நின்றன. எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. கோவிலில் திரை விலகியதும் நிற்போமே, அப்படி நின்றேன். புத்தகப் பையைக் கீழே போட்டுவிட்டேன். அதன்மேல் ஏறி இறங்கிப் புழுக்கள் தங்கள் வழியே போயின. ஒன்றுகூட என் கணக்குப் புத்தகத்தைத் தின்னவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குப் புழுவின் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

பள்ளம் வெட்டச் சொன்னார் கிராம சேவக். கொல்லைகளின் மேற்கே முழங்கால் ஆழத்துக்கு, பக்கம் செங்குத்தாக. உள்ளே விழும் புழு ஏற முடியாது. மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. அப்படி ஒரு ஒற்றுமையை நம் ஊர் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பள்ளம் நேராக வந்தது. கங்கம்மா கொல்லைக்கு வந்ததும் நின்றது.

பூசாரி குறுக்கே நின்றுகொண்டிருந்தார். "அம்மா ஒக்கார்ற மண்ணுல கடப்பாறை போட்டுடுவீங்களா?"

எல்லோரும் கிராம சேவக்கைப் பார்த்தார்கள். படித்தவர், சர்க்கார் ஆள், ஏதாவது சொல்வார் என்று. அவர் சைக்கிளை வரப்பில் சாத்தினார். செருப்பைக் கழற்றினார். "அம்மவாரி தாரி கதா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மனின் வழி என்றதும், பள்ளம் வெட்டச் சொன்ன அதே வாய் அடங்கிவிட்டது.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளத்தை வளைத்தார்கள். அத்தையின் கொல்லையைச் சுற்றிக்கொண்டு, அதன் வடக்கு வரப்புக்கு அப்பால், கிழக்கு வரப்புக்கு அப்பால், தெற்கு வரப்புக்கு அப்பால் என்று வெட்டி, மறுபடி மேற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊர்க் கடலை முழுவதும் பள்ளத்துக்கு உள்ளே. அத்தையின் கடலை மட்டும் வெளியே, புழுவோடு.

"அம்மா தடத்துல புழு வராதும்மே. அம்மா பாத்துக்கும்" என்று பூசாரி அத்தைக்கு ஆறுதல் சொன்னார்.

"அம்மா பாத்துக்கும்னா உங்க கொல்லைக்கி எதுக்கு சாமி பள்ளம்?" என்று கேட்டாள் அத்தை.

பூசாரிக்கு அவசரமாக வேறு வேலை வந்துவிட்டது. நைனா தலைகுனிந்தபடி மண்வெட்டியிலிருந்த மண்ணைச் சுரண்டினார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று இப்போது புரிகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், மண்வெட்டி அவ்வளவு அழுக்கா என்பதுதான்.

அந்த இரண்டு நாள் அத்தை வரப்பில் உட்கார்ந்து கையால் புழு பொறுக்கினாள். சமுத்திரத்தைக் கையால் இறைப்பது மாதிரிதான். தகரப்பெட்டியை எடுத்து வாசற்பக்கம் வைத்துவிட்டாள் என்று என் அம்மா நைனாவிடம் கிசுகிசுத்தாள்.

இந்த இடத்தில்தான் நான் சரித்திரத்தில் நுழைகிறேன். தயவுசெய்து எழுந்து நில்லுங்கள். முழங்கால் வலி இருந்தால் உட்கார்ந்தே மரியாதை செய்யுங்கள்.

பெரியவர்கள் ஜாத்திரைக்குத் தயாரானபோது நாமும் ஒரு ஜாத்திரை நடத்தினோமே, நினைவிருக்கிறதா? பள்ளம் வெட்டிய மண்ணில் முழ உயரத்துக்கு ஒரு கங்கம்மாவைப் பிடித்தோம். பிடித்தது நீங்கள், நான் மேற்பார்வை. அம்மனுக்குப் பிரபை வேண்டும் என்று நைனாவின் மூன்று கட்டை டார்ச்சைக் கழற்றி, உள்ளே இருக்கும் பளபளவென்ற கிண்ணத்தை எடுத்துத் தலைக்குப் பின்னால் நட்டேன். பந்தலுக்கு வேப்பந்தழை வேண்டும். வேப்பமரம் ஏறும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். எனக்கு மரம் ஏறத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்ள மானம் இடம் தரவில்லை. ஏரிக்கரையில் இடுப்பளவு உயரத்தில் எருக்கஞ்செடி புதர் புதராக நின்றது. அதை ஒடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எங்க ஜாத்திரைக்கி எருக்குதான்" என்று ஒரு புது சாஸ்திரம் சொன்னேன். அம்மனுக்கு எருக்கம்பூ மாலை, எருக்கம் பந்தல், கீழே எருக்கந்தழை மெத்தை. இத்தனையும் கங்கம்மா தடத்தின் நட்டநடுவில்.

மறுநாள் காலை டார்ச்சைத் தேடிக்கொண்டு நைனா வந்தார். என் காதைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். பூசாரியும் பின்னாலேயே. "எங்கடா வெச்ச?" என்றார் நைனா. நான் கையைக் காட்டினேன்.

காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. என் காதிலிருந்த கையும் தானாகக் கழன்றது.

எருக்கம் பந்தல் இல்லை. பந்தல் இருந்த இடத்தில் ஒரு புழுக் குவியல், பந்தலின் உருவத்தில். உள்ளே கங்கம்மா பாதாதிகேசம் செம்பட்டு உடுத்தியிருந்தாள். அந்தப் பட்டு அசைந்தது. மாலை அசைந்தது. கிரீடம் மூச்சுவிடுவது போல் ஏறி இறங்கியது. டார்ச்சுக் கிண்ணத்தில் சூரியன் பட்டு, அசைகிற அத்தனை மயிரிலும் தங்கம் ஓடியது. பூசாரி, வைவதற்காகத் திறந்த வாயோடு கைகூப்பிவிட்டார். நைனா தோளிலிருந்த துண்டை இடுப்புக்கு இறக்கினார். நான் செய்த பொம்மையைப் பார்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (சரி, சரி. நீங்கள் செய்த பொம்மை.)

அத்தை மட்டும் கும்பிடவில்லை. குனிந்தாள். பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அக்கம்பக்கத்தில் கடலைச் செடிமேல் எத்தனை புழு, எருக்குமேல் எத்தனை புழு என்று பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு மரியாதையான பார்வையை என் வாழ்க்கையில் இன்னொரு பெண் என்மேல் வீசியதில்லை, கட்டினவள் உட்பட.

"மருமவனே, எருக்கு எங்கடா ஒடிச்ச?"

மத்தியானத்துக்குள் தடம் முழுவதும், கொல்லையின் மேற்கு ஓரம் நெடுக, எருக்கந்தழை விழுந்தது. இரண்டு முழ அகலத்துக்கு ஒரு பச்சைப் பாய். அத்தை ஒடித்தாள், நாம் சுமந்தோம். எருக்கம்பால் பட்டுக் கை பிசுபிசுத்தது. கண்ணைக் கசக்கக் கூடாது என்று அத்தை ஒவ்வொருவர் கையையும் பழந்துணியால் சுற்றிவிட்டாள். பூசாரி ஓடி வந்தார்.

"அம்மா தடத்துல இன்னாம்மே பண்ற?"

"பாய் போடறேன் சாமி. கல்லுலயும் முள்ளுலயும் அம்மா வெறுங்காலோட வரணுமா?"

"அதுக்கு எருக்கா?"

"புள்ளையாருக்கு எருக்க மால போட்டா ஆவுது. பெத்தவளுக்கு ஆவாதா?"

பூசாரி தாடையைத் தடவினார். மண்வெட்டி படவில்லை, கடப்பாறை படவில்லை. தழை போடக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. "அது மேல புழு ஏறுதே?" என்றார் கடைசியாக.

"அதுவும் அம்மாவ பாக்க வருது போல. வந்தா வேணாம்னு சொல்றதுக்கு நான் யாரு?"

தழைமேல் புழு மொய்த்ததும் தழையோடு வாரி மண்கூடையில் போட்டு, வடக்கே ஊர் வெட்டிய பள்ளத்தில் கொட்டினோம். உடனே புதுத் தழை. கூடையைத் தலையில் வைத்தால் கழுத்தில் இறங்கும். நான் கூடையைப் போட்டுவிட்டு ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அம்மன்தான் என்மேல் வந்துவிட்டாள் என்று ஒரு கிழவர் குறி கேட்டார். உடம்பெல்லாம் தடித்துப்போய் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தோம். பள்ளிக்கூடத்தில் நம் வரிசை மட்டும் தனியாக மணந்தது.

ஆனால் பெரிய படை இன்னும் வரவில்லை. எங்களுக்கு மேற்கே பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மிச்சமிருந்த ஒரே பச்சைக் கொல்லையும் காலியானதும் அது வந்தது. அன்று காலை பத்து மணிக்குள் ஏரிக்கரை எருக்கு தீர்ந்துவிட்டது. பாயின் மேல் பாயாகப் புழு படிந்து, மேலே வந்தவை கீழே இருந்தவற்றின் முதுகில் நடந்து கடலைப் பக்கம் தலை நீட்டத் தொடங்கின. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்கையால் வாரினாள். துணி சுற்ற நேரமில்லை. கைகள் சிவந்து வீங்கியிருந்தன. அந்தச் சூட்டுக் காயம் அந்த வீக்கத்தில் மறைந்துபோயிருந்தது. அவள் அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. முணுமுணுவென்று புழுவைத் திட்டிக்கொண்டிருந்தாள், ஆள் பெயர் சொல்லித் திட்டுவது போல.

ஊர் தன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. அங்கே நைனாவும் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று ஆளைக் காணவில்லை. போய்விட்டார் என்றுதான் நினைத்தேன்.

சற்று நேரத்தில் கட்டை வண்டியின் கடகடப்புக் கேட்டது. வண்டி நிறைய எருக்கு, உச்சியில் நைனா. சட்டையெல்லாம் எருக்கம்பால். பக்கத்து ஊர் ஏரிவரை போயிருக்கிறார். இறங்கினார், அவிழ்த்தார், அத்தையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"எந்தப் பக்கம் மொதல்ல போடணும்?"

"தெக்கால, ணா" என்றாள் அத்தை. அவ்வளவுதான் பேச்சு.

நைனா இறங்கியதைப் பார்த்ததும் பள்ளத்தைத் தாண்டி ஒருவர் வந்தார். பிறகு இன்னொருவர். கிராம சேவக் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். கடைசியில் பூசாரியும் வந்து, "அம்மாவுக்கு நானும் ரெண்டு தழ போடறேன்" என்று சொல்லித் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்டார். வெயில் சாயும்போது பள்ளம் நிரம்பி, மண் தள்ளி மூடி, மூடிய மண்ணும் சற்று நேரம் மூச்சுவிட்டது. பிறகு அடங்கியது. திரும்பிப் பார்த்தோம். மலைவரை சாம்பல் நிறம். ஈ காக்கை இல்லை. அந்தச் சாம்பலின் ஓரத்தில் அத்தையின் கொல்லை மட்டும் பச்சையாக, நடுநடுவே மஞ்சள் பூவோடு. கடலைப்பூ அவ்வளவு மஞ்சள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஜாத்திரை வந்தது. கங்கம்மாவுக்கு ஆண்கள் கட்டும் நேர்த்திக்கடன்படி எனக்குப் பெண் வேஷம். அத்தையின் பழைய பாவாடை, கரியால் பொட்டு. கங்கம்மா மேளத்தோடு எருக்கந்தழைமேல் நடந்து வந்து, கொல்லையோரம் இறங்கி உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில் மாமாவும் வந்திருந்தார். சலவைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கையில் திருப்பதி லட்டுப் பொட்டலம்.

"பெட்டிய எடுத்துகினு கெளம்பு. பஸ்ஸுக்கு டைம் ஆவுது" என்றார் அத்தையிடம். சத்தமாகக்கூட இல்லை.

அத்தை கொல்லைக்குள் இறங்கி ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். மண் உதிர்ந்தது. வேரில் வெள்ளை வெள்ளையாகப் பிஞ்சுக் காய்கள், பால் பற்கள் போலத் தொங்கின. அதை நைனாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீட்டிய வேகத்தில் காய்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மேளம் நிற்கவில்லை, ஆனால் எனக்குக் கேட்கவில்லை.

நைனா ஒரு பிஞ்சைப் பறித்தார். நகத்தால் கிள்ளினார். வாயில் போட்டு மென்றார். எனக்கானால் உயிர் போய்க்கொண்டிருந்தது. மனிதர் நிதானமாக மெல்கிறார்.

"மாப்ள" என்றார். "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க. அம்மா பொங்கல் துன்னுட்டு போங்க. அவ வரல."

மாமா என்னென்னவோ பேசினார். வாக்கு என்றார், மானம் என்றார். அப்போது அவர் வேட்டியில் ஒரு கம்பளிப்புழு, படையில் தப்பிய கடைசிச் சிப்பாய் போல, முழங்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் ஓட்டைவாய் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று வாயைத் திறக்கவேயில்லை. பஸ் நிறுத்தம்வரை அது எதுவரை போயிருக்கும் என்று இன்றும் அவ்வப்போது யோசித்துப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறேன்.

அத்தை அதற்குப் பிறகு பஸ் ஏறவேயில்லை என்று சொல்ல முடியாது. திருப்பதிக்கு ஏறினாள், சித்தூர் மார்க்கெட்டுக்கு ஏறினாள். பலமனேருக்கு மட்டும் ஏறவில்லை.

இந்த ஆடியிலும் ஜாத்திரைக்குப் போயிருந்தேன். தடம் இப்போது சிமெண்டு ரோடு. கொல்லை மாந்தோப்பாகிவிட்டது, அதற்குப் பக்கத்து வீட்டில்தான் அத்தை இருக்கிறாள். வயது கேட்டால் முறைப்பாள். ஒரு டிராக்டர் நிறைய எருக்கந்தழை வந்தது. பையன்கள் சிமெண்டு ரோடு நெடுக அதைப் பரப்பினார்கள். ஆண்டுதோறும் பரப்புகிறார்கள். அம்மன் தழைமேல்தான் வர வேண்டும் என்பது இப்போது ஊர்க்கட்டு. போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம், "இது எதுக்குப்பா?" என்று தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"தெரியாதா தாத்தா? அம்மா அசுரன வதம் பண்ணிட்டு வர்றப்ப பாதம் கொதிச்சுதாம். அதுக்குக் குளுமையா எருக்கு. ஆயிரம் வருஷமா போட்டுகினு கீறாங்க."

அத்தை பக்கத்தில் நின்று கைகூப்பியபடி முழுவதையும் கேட்டாள். "அப்பிடியாப்பா? எங்களுக்கு எங்க தெரியுது இதெல்லாம்" என்றாள் பயபக்தியோடு. கேலி செய்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். செய்யவில்லை. கண் கலங்கியிருந்தது.

அம்மன் கடந்து போனாள். கூட்டம் அவள் பின்னால் போயிற்று. அத்தை மட்டும் குனிந்து, ரோட்டிலிருந்து ஒரு எருக்கந்தழையை எடுத்து, இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

"இன்னா அத்தே பாக்கற?"

"புழு கீதான்னு பாத்தேன், மருமவனே."

நானும் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். குனிந்துவிட்டேனே தவிர, நிமிர முடியவில்லை. கைகொடுத்துத் தூக்கிவிட்டது அவள்தான்.